சிக்கனப் பலகை

பையின் அடித்தட்டில், தோலோடு ஒட்டும் பக்கத்தில், மிளகளவில் கறுப்பாக ஓர் உணரி இருந்தது. திட்ட ஆவணங்கள் அதற்கு ஒரே மூச்சில் சொல்ல முடியாத பெயரொன்றைச் சூட்டியிருந்தன. நோயாளிகள் அதைப் ‘பொட்டு’ என்றார்கள். உடற்சூடு பட்டதும் பொட்டு விழித்துக்கொள்ளும். பை எத்தனை மணி நேரம் உடலில் இருந்தது, எவ்வளவு நிறைந்தது, எத்தனை முறை காலியாக்கப்பட்டது என்பவற்றைக் குறித்துக்கொண்டு, நோயாளியின் கைப்பேசி வழியாகத் தலைநகரிலிருந்த கணிப்பு அமைப்புக்கு அனுப்பும். மாத இறுதியில் அமைப்பு ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அடுத்த மாதம் அந்த நோயாளிக்கு அரசு மருத்துவமனையில் எத்தனை பைகள் என்பதே அந்த எண்.

குடலில் நோயுற்ற பகுதியை அறுத்து நீக்கியபின், மீதியின் முனையை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே எடுத்துத் தோலோடு தைத்துவிடுகிறார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். மற்ற வாய்களைப் போல அதை மூடிவைக்க இயலாது. அது தான் நினைத்தபோது கழிவை வெளியேற்றும். எனவே பை வேண்டும். பை இருப்பவர் பேருந்தில் ஏறலாம், வேலைக்குப் போகலாம், திருமண வீட்டில் பந்தியில் உட்காரலாம். பை இல்லாதவர் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டின் பின்கட்டில் இருக்கலாம்.

உப்பளங்கள் சூழ்ந்த அந்தக் கடற்கரை ஊரின் அரசு மருத்துவமனையில், ஸ்டோமா நோயாளிகளுக்கான பிரிவைப் பத்தொன்பது ஆண்டுகளாக நடத்திவந்தவர் சிஸ்டர் அக்சீலியா. அவர் தொடங்கிய காலத்தில் பைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தன. சில சமயம் வரவில்லை. ஒருமுறை பயன்படுத்திவிட்டு எறிய வேண்டிய பையை எப்படிக் கழுவி நிழலில் உலர்த்தி மறுபடி ஒட்டுவது, வெளியூர்ப் பயணத்துக்கு முந்தைய நாள் எதை உண்ணாமலிருப்பது, மாலை ஆறு மணிக்கு மேல் எதுவும் தின்னாமல் வாயை எப்படிக் கட்டுவது என்பவற்றையெல்லாம் அவர் புதன்கிழமைதோறும் கற்பித்தார். அறையின் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அந்த மாதம் மிகக் குறைந்த பைகளில் காலம் தள்ளிய ஐவரின் பெயர்களை அதில் வரிசையாக எழுதுவார். மற்றவர்கள் கைதட்டுவார்கள். மிச்சம் பிடித்தவர்கள் ஒரு பையைப் பச்சை நிறத் தகரப்பெட்டியில் போடுவார்கள். புதிதாக அறுவை முடிந்து வருபவருக்கு அது போகும். பலகைக்குச் சிக்கனப் பலகை என்று பெயர் வைத்தவர் யார் என்பது மறந்துவிட்டது.

கணிப்பு அமைப்பு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பைகள் இப்போது தட்டுப்பாடின்றி வந்தன. ஆயினும் பலகை இருந்தது. பெட்டியும் இருந்தது.

அந்தப் புதன்கிழமை முதலில் பேசியவள் செண்பகவல்லி. முப்பத்தெட்டு வயது, உப்பளத்தில் உப்பு வாருபவள், பலகையில் ஒன்பது முறை முதலிடம் பிடித்தவள்.

“சிஸ்டர், ரேஷன் பெட்டி எனக்கு மூணுன்னு காட்டுது” என்றாள். பைகளை வழங்கும் இயந்திரத்தை எல்லோரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

“போன மாசம்?”

“அஞ்சு. அதுக்கு முந்தி ஏழு. சோப்புக்கட்டி மாதிரில்லா தேஞ்சுக்கிட்டுப் போவுது.”

பின்வரிசையில் அமர்ந்திருந்த கஸ்பார் சிரித்தார். மீன் ஏலம் கூவி ஓய்ந்தவர்; குடல் போனாலும் குரல் போகவில்லை. “அடுத்த மாசம் பாரு, பெட்டி உன்கிட்ட ஒண்ணு திருப்பிக் கேக்கும்” என்றார்.

“கேட்டா நீரு குடும் வே. உமக்குத்தான் எட்டு வருதே.”

“நான் திங்கேன், வருது. நீயும் தின்னு.”

சிஸ்டர் அக்சீலியா அவளை உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். முன்கையின் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய இடம் கூடாரம் போல நின்று, மெல்லத் தணிந்தது.

“என்னம்மா சாப்பிடுதே?”

“காலைல ரெண்டு இட்லி.”

“மத்தியானம்?”

“அளத்துல எங்க போயி பையக் கழுவ? சுத்திச் சுத்தி ஆம்பளையளு நிக்காவ. வெயில்ல வேர்த்து தட்டு வேற களண்டுருது.”

“ராத்திரி?”

செண்பகவல்லி வியப்போடு பார்த்தாள். “நீங்கதான சிஸ்டர் ஆறு மணிக்கு மேல வாயக் கட்டச் சொன்னிய?”

“அது பை வராத காலத்துல சொன்னது.”

“இப்ப மட்டும் வருதாக்கும்?”

“உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி குடிக்கியா?”

“குடிச்சா உடனே பை நெறையுது. கெண்டைக்காலு ராவும் பகலும் பிடிச்சு இழுக்கு. அதுவும் இதனாலதானா?”

“உடம்புல உப்பு இல்ல உனக்கு.”

“நல்லாருக்கு. ஊருக்கே நான்லா வாரிக் கொட்டுதேன்” என்று செண்பகவல்லி சிரித்தாள்.

சிஸ்டர் பச்சைப் பெட்டியைத் திறந்து, பழைய பைகள் பத்தை எடுத்துக் கொடுத்தார். அமைப்பு வருவதற்கு முன் சேர்ந்தவை, பொட்டு இல்லாதவை. “அந்த மூணும் இருக்கட்டும், இந்த மாசம் இதை வச்சு வயிறாரச் சாப்பிடு. நனைஞ்சா மாத்து, கழுவாத” என்றார். செண்பகவல்லி பத்தையும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

மாத இறுதியில் அவள் பெயருக்கு நேரே வந்த எண் சுழியம். அதன் கீழே ஒரு வரி இருந்தது: ஸ்டோமா மூடப்பட்டதாகக் கருதப்படுகிறது, பயனாளி நலம்பெற வாழ்த்துகள்.

சிஸ்டர் திட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசினார். மறுவாரம் முகுந்தன் நேரிலேயே வந்தார். அமைப்பைக் கட்டியவர்களுள் ஒருவர். முப்பது வயதுக்குள் இருப்பார். ஒரு நோயாளிக்காக இவ்வளவு தூரம் எவரும் வரமாட்டார்கள் என்பது சிஸ்டருக்குத் தெரியும். வந்தவுடன் அவர் குனிந்து வணங்கியதில் மரியாதை மிகையாக இருந்தது.

“பொட்டு இல்லாத பையை ஒட்டினா அமைப்புக்கு ஒண்ணுமே தெரியாது சிஸ்டர்” என்றார் முகுந்தன். “ஒரு மாசம் முழுக்கப் பயன்பாடு இல்லைன்னா ரெண்டே காரணம். குடலைத் திரும்ப உள்ள வச்சுத் தைச்சிருப்பாங்க, இல்லை ஆள் போயிருப்பாங்க. எதுவா இருந்தாலும் பை தேவையில்லை.”

“செத்தவங்களுக்கும் நலம்பெற வாழ்த்துதானா?”

முகுந்தன் சங்கடப்பட்டார். “இறப்புப் பதிவேட்டோட இணைக்கிறது ரெண்டாம் கட்டம். இன்னும் அனுமதி வரலை.”

“சரி தம்பி. அதுக்கு முன்னாடி ஏழு, அஞ்சு, மூணுன்னு ஏன் குறைஞ்சது?”

“அவங்க குறைவாப் பயன்படுத்தினாங்க. குறைவாக் கொடுத்தோம்.”

“நீங்க குறைவாக் கொடுத்தீங்க, அவ குறைவாச் சாப்பிட்டா. அவ குறைவாச் சாப்பிட்டதைப் பார்த்து நீங்க இன்னும் குறைச்சீங்க. வயித்தைக் காயப்போட்டு மிச்சம் பிடிக்கிறா, அதைத் தேவையில்லைன்னு உங்க அமைப்பு நினைச்சுக்குது.”

“அதுக்குத்தான் ஒரு தொடக்க அளவுகோல் இருக்கு. இயல்பான ஆளுக்கு மாசம் எத்தனை பைன்னு மொதல்லயே கத்துக்கொடுத்துடுவோம். யாராவது அந்த அளவுக்குக் கீழ ரொம்ப இறங்கினா எச்சரிக்கை வரும். இந்தம்மா அந்த அளவுக்குப் பக்கத்துலதான் இருந்தாங்க. எச்சரிக்கை வரவே இல்லை.”

“என்ன அளவு அது?”

“நாலு.”

“மாசத்துக்கு நாலா? எந்த மடையன் சொன்னான்?”

முகுந்தன் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். இதைத் தருவதற்காகவே வந்தேன் என்றார். உள்ளே அரசுச் சின்னம் பொறித்த பாராட்டுச் சான்றிதழ் இருந்தது.

“மாநிலம் முழுக்கத் தேடினோம் சிஸ்டர். பல ஊர்ல பதிவேடே இல்லை. இருந்த ஊர்லயும் பாதிப் பக்கம் காலி, மீதி கிறுக்கல். உங்களோடது மட்டும்தான் பத்தொன்பது வருஷம், ஒரு மாசம் விடாம, ஒரு அடித்தல்கூட இல்லாம இருந்துச்சு. அளவுகோலை உங்க பதிவேட்டை வச்சுத்தான் கட்டினோம்.”

சிஸ்டர் அக்சீலியா எழுந்து அலமாரியிலிருந்து கடைசிப் பதிவேட்டை எடுத்தார். அச்சிட்ட கட்டங்கள்: பெயர், வயது, அறுவை நாள், தோலின் நிலை, தேவை. அதற்கடுத்து ஒப்பம். கொடுத்தது எவ்வளவு என்று எழுத இடமே இல்லை. முதல் ஆண்டில் அவர் தேவை என்ற கட்டத்தில் பத்து, பன்னிரண்டு என்று எழுதி அனுப்பினார். கிடங்கு படிவத்தைத் திருப்பி அனுப்பியது: தேவை இருப்போடு ஒத்துப்போகவில்லை, திருத்தி எழுதுக. திருத்தி எழுதினால் பக்கம் அசிங்கமாகும். ஆகவே அடுத்த மாதத்திலிருந்து, எத்தனை பைகள் வந்திருக்கின்றன என்று முதலில் எண்ணிப் பார்த்து, அவற்றை ஆட்களுக்குப் பிரித்து, பிரித்த எண்ணையே தேவை என்று எழுதினார். முத்துமுத்தான கையெழுத்து. அதன்பின் ஒரு படிவமும் திரும்பி வரவில்லை.

“இது நான் கொடுத்த கணக்கு தம்பி” என்றார். “அவங்களுக்கு வேண்டியிருந்த கணக்கு இல்ல.”

முகுந்தன் கட்டத்தின் தலைப்பைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். பாராட்டுச் சான்றிதழ் இருவருக்கும் நடுவே மேசையில் கிடந்தது.

“இதை மாத்த முடியாதா?”

“என் கையில இல்லை. உங்க சொல்லை வச்சு மாத்தமாட்டாங்க, தரவு கேப்பாங்க. நல்லாச் சாப்பிட்டு, வேணுங்கிறப்பல்லாம் பை மாத்தின ஒரே ஒரு ஆளோட முழுப் பதிவு இருந்தாக்கூட அதைக் காட்டி மறுஆய்வு கேக்கலாம். அப்படி ஒண்ணு மாநிலத்துலயே இல்லை சிஸ்டர். எல்லாரும் மாசாமாசம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க. மேல இருக்கிறவங்க அதைத் திட்டத்தோட வெற்றின்னு சொல்றாங்க.” கஸ்பாரின் எட்டு, அவர் அறுவை முடிந்து சேர்ந்த புதிதில் வந்த எட்டு என்பதையும், அதுவும் அடுத்த மாதம் ஆறாகும் என்பதையும் முகுந்தன் கணினியில் காட்டினார்.

செண்பகவல்லிக்கு ஒரு வழி இருந்தது. பொட்டுள்ள ஏழு பைகள், ஏழு நாள்கள், புதிய கணிப்பு. சோதனை ஒதுக்கீடு என்று பெயர். முகுந்தன் அங்கேயே அனுமதி தந்தார். இயந்திரம் ஏழு பைகளையும் அவள் எண்ணோடு இணைத்து வெளியே தள்ளியது.

அடுத்த புதன்கிழமை சிஸ்டர் அவற்றைச் செண்பகவல்லியிடம் கொடுத்தார். வரிசையில் முப்பது பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குத் தையல் பிரிந்து கசிந்துகொண்டிருந்தது.

“ஏழு நாள் சோதனை இது. உன் பேரை மறுபடியும் சேக்கணுமா வேண்டாமான்னு பார்க்கப்போறாங்க. நல்லபடியாத் தேறினாத்தான் இனிமே பை வரும். நல்லாச் சாப்பிடு, என்ன?”

“சரி சிஸ்டர். தேறிருவேன்” என்றாள் செண்பகவல்லி.

ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டுப் பேசும் வழக்கமுடையவர் சிஸ்டர் அக்சீலியா. அன்று பேசிய அந்த நான்கைந்து வாக்கியங்களைப் பிற்பாடு எத்தனையோ முறை வேறுவேறு விதமாக அமைத்துப் பார்த்தார். சரியாக அமைக்க அரை நிமிடம்கூடத் தேவைப்பட்டிராது.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்குச் செண்பகவல்லி அளத்தின் வரப்பில் உட்கார்ந்தாள். கூட வேலை செய்தவர்கள் தண்ணீர் கொடுத்தபோது, ஒரு மிடறு வாங்கிக்கொண்டு போதும் என்றாளாம். ஆட்டோ வருவதற்குள் நினைவு தப்பியது. வழியில் முடிந்துவிட்டது. உடம்பில் நீரும் உப்பும் வற்றி இதயம் நின்றது என்று, வழியிலிருந்த தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் கணவர் சுயம்புலிங்கம் அதற்கடுத்த புதன்கிழமை வந்தார். அவரும் உப்பளத்துக்காரர்தான், பாதங்கள் வெளுத்து வெடித்திருந்தன. துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்திருந்தார். உட்காரச் சொல்லியும் நின்றார்.

“உங்ககிட்டதான் சேக்கச் சொன்னா” என்று துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

ஐந்து பைகள். ஒட்டும் தாள் பிரிக்கப்படாதவை. கறுப்புப் பொட்டுகள் விழிக்காதவை.

“ஏழு குடுத்தேனே” என்றார் சிஸ்டர்.

“ரெண்டுதான் எடுத்தா. அதையே கழுவிக் கழுவிப் போட்டா. நான் சத்தம் போட்டேன், இட்லியாவது முழுசாத் தின்னுட்டுப் போடின்னு. ‘இது பரீட்ச மாமா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, கம்மியா ஆனாத்தான் பாசு’ன்னுட்டா.” அவர் சுவரைப் பார்த்தார். “‘புதன்கிழம பலகையில என் பேருதான் மேல இருக்கும், நீங்களும் வந்து பாருங்க’ன்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அதான் வந்தேன்.”

பலகையில் அன்றைய பெயர்களைச் சிஸ்டர் இன்னும் எழுதியிருக்கவில்லை. கஸ்பார் எழுந்து, தன் நாற்காலியைச் சுயம்புலிங்கத்தின் பின்னால் கொண்டுவந்து போட்டார்.

“இரும் வே” என்றார். “சும்மா இரும் செத்த நேரம்.”

மேசைமேலிருந்த திரையில் செண்பகவல்லியின் சோதனை முடிவு வந்திருந்தது. பை ஏறக்குறைய நிறையவே இல்லை என்பதால், மாதத்துக்கு இரண்டு.

சிஸ்டர் அக்சீலியா ஐந்து பைகளையும் எண்ணி அடுக்கினார். பச்சைப் பெட்டியைத் திறந்தார். பைகளை உள்ளே போடாமல் மறுபடி மூடினார்.

“அவ போன் எங்க இருக்கு?”

“வீட்டுல கெடக்கு. எதுக்கு சிஸ்டர்?”

“கொஞ்ச நாளைக்கு எனக்கு வேணும். ஏன்னு கேட்டா சொல்லணும். கேக்காதீங்க.”

சுயம்புலிங்கம் கேட்கவில்லை. மறுநாள் கைப்பேசியையும் அதன் மின்னூட்டியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

எட்டு நாள்கள் கழித்து, முற்பகலில், முகுந்தன் தொலைபேசினார். குரலில் பரபரப்பு இருந்தது.

“சிஸ்டர், உங்க உப்பளத்து அம்மாவோட எண்ணைப் பார்த்தீங்களா?”

“இல்லையே தம்பி. எவ்வளவு?”

“பதினாலு! மொதல் வாரம் ரெண்டுல நின்னுச்சு, நானே நம்பிக்கை இழந்துட்டேன். அப்புறம் திடீர்னு எல்லாம் சீராயிடுச்சு. ரெண்டு நாளைக்கு ஒரு பை, ஒரு நாளைக்கு ஆறு தடவை காலி பண்றாங்க, மத்தியானத்துல ஒரு தடவை முழுசா நிறையுது, சாயங்காலம் ஒரு தடவை. பாடப்புத்தகத்துல போடலாம். அவங்க இப்ப நல்லாச் சாப்பிடுறாங்கபோல.”

“ஆமா. கஞ்சி. நேரத்துக்கு.”

“திட்டம் தொடங்கினதுலேர்ந்து ஒரு எண் மேல ஏறினது இதுதான் மொதல் தடவை. நேத்தே மறுஆய்வுக் குழுவுக்கு அனுப்பிட்டேன். நாலுங்கிற அளவுகோல் தப்புன்னு நிரூபிக்க இந்த ஒரு பதிவு போதும்னு சொல்றாங்க. உங்க மாவட்டத்துக்கு மொதல்ல மாத்துவாங்க, அப்புறம் மாநிலம் முழுக்க. அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கிச்சு, பார்த்தீங்களா?”

“குழு கையெழுத்துப் போட்டாச்சா?”

“இன்னிக்குச் சாயங்காலம் போடுறாங்க.”

“போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்க.”

“கண்டிப்பா. அந்த அம்மாகிட்டயும் சொல்லிடுங்க சிஸ்டர், சந்தோஷப்படுவாங்க.”

சிஸ்டர் அக்சீலியா நாற்காலியில் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சீருடைக்குள், தொப்புளுக்கு வலப்புறம், ஐந்தாவது பையின் தட்டு தோலை இழுத்தது. துளை ஏதும் இல்லாத, ஐம்பத்தாறு வயது வயிறு. காலையில் பைக்குள் அளந்து ஊற்றிய கஞ்சி இளஞ்சூட்டோடு கனத்துத் தொங்கியது. பத்தொன்பது ஆண்டுகள் கற்பித்தவருக்கு, தட்டின் ஓரத்தில் வியர்வை கோத்து அரிக்கும்போது சொறியவும் முடியாது என்பது இந்த வாரத்தில்தான் தெரிந்தது. பக்கத்தில் மேசை இழுப்பறைக்குள் செண்பகவல்லியின் கைப்பேசி விழித்திருந்தது.

“கையெழுத்து ஆனதும் புதன்கிழமை இங்க வாங்க தம்பி” என்றார். “ஆளைக் காட்டுறேன். அவ வீட்டுக்காரரும் வருவாரு. சொல்ல வேண்டியதை அவர்கிட்டயே சொல்லுங்க.”

“வர்றேன் சிஸ்டர். எனக்கும் அவங்களைப் பார்க்கணும்னு இருக்கு.”

தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலியாக்கும் நேரம் வந்திருந்தது. அதற்கு முன் அலமாரியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். செண்பகவல்லியின் பெயர் முதன்முதலாக வரும் பக்கத்தைக் கண்டுபிடித்து, அளவுகோலை வைத்து, தேவை என்ற கட்டத்திலிருந்த நான்கின்மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே பதினான்கு என்று எழுதித் தேதியிட்டார்.

அடுத்த பெயருக்கு நேரேயும் ஒரு நான்கு இருந்தது. அளவுகோலைக் கீழே நகர்த்தினார்.